புகைப்படத்தில் சாய்வுக் கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் புகைப்படம் எடுக்க வருபவர்களுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றுவது என் வழக்கம். ஆட்கள் மாறுகிறார்கள், கேமராக்கள் மாறுகின்றன. சாய்வுக் கோடு பற்றிய சந்தேகங்கள் மட்டும் அப்படியே வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடும் என் கருத்து ஒன்றுதான்: நல்ல சாய்வுக் கோடு பெரும்பாலும் நாம் நிற்கும் இடத்திலிருந்து பிறக்கிறது. கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சாய்வுக் கோடு என்றால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் கோடுதானே?

அது மூலைவிட்டம். பள்ளிக் கணக்கில் படித்திருப்பீர்கள். சாய்வுக் கோடுகளில் அதுவும் ஒரு வகை, அவ்வளவுதான். படத்தின் நான்கு விளிம்புகளில் எதற்கும் இணையாகப் போகாத எந்தக் கோடும் சாய்வுக் கோடுதான். சுவரில் சாத்திய ஏணி, மாடிப்படியின் கைப்பிடி, கரையேற்றிய படகின் விளிம்பு, தரையில் விழும் தூணின் நிழல் எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் மிகச் சிறிய சாய்வு கணக்கில் வராது. இரண்டு மூன்று பாகை சாய்ந்த கோட்டைப் பார்ப்பவர் சாய்வாக எடுத்துக்கொள்ள மாட்டார். கோணல் என்றுதான் நினைப்பார். பத்துப் பதினைந்து பாகையைத் தாண்டினால்தான் அது வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

நான் எடுக்கிற இடத்தில் கோடே இல்லையே, எங்கே போய்த் தேடுவது?

கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. குளத்துப் படிகளில் மூன்று பேர் ஆளுக்கொரு படியில், ஒருவருக்குச் சற்றுத் தள்ளி இன்னொருவராக உட்கார்ந்திருந்தால் அவர்களின் தலைகளைக் கண் தானாகவே இணைத்துவிடும். தரையில் உட்கார்ந்த குழந்தை திண்ணையில் இருக்கும் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பார்வையே ஒரு சாய்வுக் கோடு. நீட்டிய கையும் அப்படித்தான். வரைந்த கோட்டைவிட இப்படி ஊகித்துக்கொள்ளும் கோடு எனக்கு அதிகம் பிடிக்கும். அதில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நிழல். சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழலின் நீளமும் பொருளின் உயரமும் சமம். 30 பாகைக்கு இறங்கினால் நிழல் ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே வருவதால் நிழல் காலடியில் சுருண்டுவிடும். கோடு கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பகல் பன்னிரண்டு மணிக்குத் தேடியவர்கள். அதே தெருவுக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

சாய்வாக இருந்தால் படத்துக்கு வேகம் வரும் என்கிறார்களே, அது ஏன்?

தரை கிடக்கிறது, மரம் நிற்கிறது. கிடப்பதும் நிற்பதும் நம் உடம்புக்கு நிலைபெற்ற நிலைகள். சாய்ந்திருக்கும் எதுவும் விழுந்துகொண்டிருக்கிறது, அல்லது எழுந்துகொண்டிருக்கிறது, அல்லது எதையோ இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோ இருக்கிறது. சாய்ந்த பொருளைப் பார்த்ததும் அடுத்து என்ன ஆகும் என்று மனம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1945 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானின் ஈவோ ஜீமா தீவின் சூரிபாச்சி மலையில் அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் கொடிக்கம்பம் நாட்டுவதை ஜோ ரோசென்தால் எடுத்தார். கம்பம் பாதி எழுந்து சாய்ந்திருக்கிறது. முன்னால் இருப்பவர் குனிந்து அடியை ஊன்றுகிறார். கடைசியில் இருப்பவரின் கைகள் கம்பத்தை எட்டாமல் காற்றில் நிற்கின்றன. அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. கம்பத்தை நட்டு முடித்த பிறகு, கொடியின் அடியில் வீரர்கள் கூடி நின்று ஆரவாரம் செய்வதையும் அவரே எடுத்திருக்கிறார். அதே மலை, அதே கொடி, அதே புகைப்படக்காரர். முதல் படம்தான் உலகம் முழுவதும் போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாய்வு என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும்.

கேமராவைச் சாய்த்துப் பிடித்தாலே சாய்வுக் கோடு வந்துவிடுமே? ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பள்ளிக்கூடத் தாழ்வாரம் ஒன்றின் எதிரே நேராக நின்று எடுங்கள். கூரை விளிம்பும் தரை விளிம்பும் படுக்கைக் கோடுகளாக வரும், தூண்கள் செங்குத்தாக நிற்கும். இப்போது தாழ்வாரத்தின் ஒரு முனைக்குப் போய்ச் சுவரை ஒட்டி நின்று மறுமுனையை நோக்கிக் கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கூரை விளிம்பு மேலிருந்து சரிந்து இறங்கும், தரை விளிம்பு கீழிருந்து ஏறும், இரண்டும் தொலைவில் ஒரு மறைபுள்ளியை, அதாவது இணைகோடுகள் ஒன்றுசேர்வது போல் தெரியும் புள்ளியை நோக்கி ஓடும். தூண்கள் மட்டும் நேராகவே நிற்கும்.

இதில் முக்கியமானது அந்தத் தூண்கள்தான். நேராக நிற்கும் ஒன்று பக்கத்தில் இருப்பதால்தான் சாய்வு சாய்வாகத் தெரிகிறது. கேமராவைச் சாய்த்தால் கூரை, தூண், தரை, தாழ்வாரத்தில் நடந்து வரும் மாணவி எல்லாம் ஒரே அளவுக்குச் சாய்கின்றன. ஒப்பிடுவதற்கு நேரானது எதுவும் மிஞ்சுவதில்லை. பார்ப்பவருக்கு ஆழம் கிடைக்காது, தலைசுற்றல்தான் கிடைக்கும்.

ஆகவே முதலில் நகருங்கள். பக்கவாட்டில் நாலு அடி, பிறகு உயரம். முழங்காலில் அமர்ந்து ஒரு முறை, மொட்டை மாடியிலிருந்து ஒரு முறை. கீழே நின்று பார்க்கும்போது ஒற்றைப் பட்டையாகத் தெரிந்த தெரு, மாடியிலிருந்து பார்த்தால் படத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும்.

அப்படியானால் கேமராவைச் சாய்ப்பதே தவறா? பெரிய கலைஞர்கள் சாய்த்திருக்கிறார்களே?

தவறு என்று சொல்ல மாட்டேன். அலெக்சாண்டர் ரோட்செங்கோவை வைத்துத்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வருகிறது. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓவியத்திலிருந்து புகைப்படத்துக்கு வந்தவர் அவர். 1928-இல் லைக்கா கேமரா வாங்கினார். வயிற்று மட்டத்தில் கேமராவை வைத்து எல்லாவற்றையும் நேராகப் பார்க்கும் பழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்க்கச் சொன்னார். 1930-இல் அவர் எடுத்த படிக்கட்டுப் படத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஏறுகிறாள். படிகளின் விளிம்புகளும் அவற்றின் நிழல்களும் படம் முழுவதையும் சாய்வான பட்டைகளாக வெட்டுகின்றன.

அவருடைய படங்களைக் கவனித்துப் பார்த்தால், அவர் முதலில் தேர்ந்தெடுத்தது இடத்தை. படிகளுக்கு மேலே, பால்கனிகளுக்கு நேர் கீழே என்று யாரும் நிற்காத இடங்களில் நின்றார். கேமராவின் சாய்வு அதற்குப் பிறகு வந்தது. அப்படி இருந்தும், வடிவத்தின் மேல் மட்டுமே கண் வைத்தவர் என்ற குற்றச்சாட்டை அவர் தன் நாட்டிலேயே எதிர்கொள்ள நேர்ந்தது.

நீங்கள் சாய்ப்பதென்றால் துணிந்து சாயுங்கள். கடலின் அடிவானம் மூன்று பாகை சாய்ந்தால் தண்ணீர் வழிந்துவிடும் போலிருக்கும். இருபது பாகை சாய்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: ஆடும் படகில் இருந்து எடுத்திருக்கலாம், ராட்டினத்தில் இருந்து எடுத்திருக்கலாம். காரணம் படத்துக்குள்ளேயே தெரிந்தால் நான் ஏற்றுக்கொள்வேன்.

இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குப் போகும் கோடு ஏறுகிறது, எதிர்ப்பக்கம் போவது இறங்குகிறது என்கிறார்கள். உண்மையா?

இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்குப் பெரும்பாலும் உண்மை. ஹைன்ரிச் வோல்ஃப்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் ஓவியத்தில் இடம், வலம் பற்றி எழுதியபோது இதைக் கவனித்திருக்கிறார். தமிழும் இடமிருந்து வலமாகச் செல்வதால் நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மலையேறுபவர் இடமிருந்து வலமாக ஏறினால் இலகுவாக ஏறுவது போலவும், வலமிருந்து இடமாக ஏறினால் சிரமப்பட்டு ஏறுவது போலவும் தோன்றும். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமை தூக்கிப் படியேறும் ஒருவரின் சிரமத்தைக் காட்ட வேண்டுமென்றால் வலமிருந்து இடமாக ஏறும் பக்கத்தைத் தேடுவதுதான் நல்லது.

சோதித்துப் பார்க்க, கைப்பேசியில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். எது உங்கள் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். திருப்பிய படத்தை வெளியிடாதீர்கள். சேலை முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், கடைப் பலகை எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். நடராசர் சிலையில் தூக்கிய திருவடி இடது கால். அதுவும், உடலைக் குறுக்கே கடந்து அதைச் சுட்டும் இடக்கையும் சேர்ந்து தருவது உலகின் மிக அழகான சாய்வுகளில் ஒன்று. படத்தைத் திருப்பினால் வலது கால் தூக்கிவிடும். கால் மாறி ஆடியவர் மதுரை வெள்ளியம்பலத்தில் இருக்கிறார். உங்கள் படத்தில் இருப்பவர் அவர் என்று யாராவது நம்பிவிடப் போகிறார்கள்.

கோடு சரியாக மூலையில் போய் முட்ட வேண்டுமா?

நான் தவிர்ப்பேன். கோடு மூலையில் துல்லியமாக முடிந்தால் கண்ணும் அந்த வழியாகவே படத்தை விட்டு வெளியேறிவிடும். இரு மூலைகளையும் தொட்டால் படம் இரண்டு சமமான முக்கோணங்களாகப் பிளந்துவிடும், அப்புறம் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. மூலைக்குச் சற்று மேலேயோ பக்கத்திலோ கோடு நுழையட்டும். உள்ளே ஏதோ ஒன்றில் போய் நிற்கட்டும்.

மூலைவிட்டத்தின் கோணம் படத்தின் வடிவத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 3:2 வடிவத்தில் அது ஏறத்தாழ 34 பாகை. 4:3 வடிவத்தில் 37, 16:9-இல் 29, சதுரத்தில் 45. அதே படியின் சாய்வு அகலமான சட்டகத்தில் ஒரு விதமாகவும், சதுரத்தில் வெட்டினால் வேறு விதமாகவும் உணரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நெதர்லாந்தைச் சேர்ந்த எட்வின் வெஸ்ட்ஹாஃப் ஒவ்வொரு மூலையிலிருந்தும் 45 பாகையில் கோடு இழுத்து, முக்கியமான விவரங்கள் அந்தக் கோடுகளில் அமைகின்றனவா என்று பார்க்கும் முறையை முன்வைத்தார். எடுத்து முடித்த படத்தை ஆராய அது பயன்படும். எடுக்கும்போது அதை நினைத்துக்கொண்டிருந்தால் காட்சி கடந்து போய்விடும்.

மூன்றில் ஒரு பங்கு விதியும் இதுவும் ஒன்றோடொன்று மோதாதா?

மோதாது. சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளிலோ அவை வெட்டும் புள்ளிகளிலோ வைக்கச் சொல்வதுதான் அந்த விதி. அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளும் மூலைவிட்டங்களின் மேலேயே இருக்கின்றன. எந்த வடிவச் சட்டகத்திலும் அப்படித்தான், தாளில் வரைந்து பாருங்கள்.

நீளம் காட்ட வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கினால்தான் முடியுமா?

கோடுகள் எவ்வளவு வேகமாகக் குவிகின்றன என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம்தான், லென்ஸ் அல்ல. ஒரே இடத்தில் நின்று அகன்ற (வைட் ஆங்கிள்) லென்ஸால் ஒரு படமும், தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸால் ஒரு படமும் எடுங்கள். முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டாவது படத்தின் கோடுகளே அதில் இருக்கும். அகன்ற லென்ஸ் செய்யும் உதவி, மிக அருகில் போய் நின்றும் காட்சி முழுவதையும் அடக்க முடிவதுதான். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமராவே ஏற்கெனவே அகன்ற கோணம் கொண்டது. பணத்தைச் சேமியுங்கள், இரண்டடி முன்னே போங்கள்.

கோபுரத்தை எடுத்தால் பின்பக்கம் விழுவது போல் வருகிறது. அது சாய்வுக் கோடா, குறையா?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் குவிகின்றன. முந்தைய பதிலில் சொன்ன அதே குவிதல்தான், திசைதான் வேறு. கோபுரமும் விமானமும் இயல்பிலேயே மேல்நோக்கிக் குறுகுபவை என்பதால் இங்கே குழப்பம் கூடுகிறது. 1010-இல் ராஜராஜன் முடித்த தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். அதன் விளிம்புகள் சாய்ந்து ஏறுவது சிற்பியின் திட்டம். அதன் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் நம் கேமரா இன்னொரு குறுகலை அதன்மேல் சேர்க்கிறது. சிற்பி தந்த சாய்வு எது, லென்ஸ் தந்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

விமானத்தின் சாய்வையே காட்ட விரும்பினால் பிரகாரத்தின் கடைசி மூலைக்குப் பின்வாங்குங்கள். அங்கே அண்ணாந்து பார்க்கும் கோணம் குறைந்துவிடும், விளிம்புகள் உள்ளபடியே வரும். கணினியில் செங்குத்துகளை நிமிர்த்துவதும் ஒரு வழி, ஆனால் ஓரங்களில் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும். அல்லது நேர்மாறாக, அடித்தளத்தை ஒட்டி நின்று முழுவதும் அண்ணாந்து எடுங்கள். அரைகுறையாக அண்ணாந்த படம்தான் விழுவது போல் தெரிகிறது.

தேர்த் திருவிழாவில் எங்கே நின்றால் நல்லது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தேரோட்டத்தில் சாய்வுக் கோடு வேடிக்கைக்காக வருவதில்லை, அங்கே அது வேலை செய்கிறது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரம். அந்த உயரத்துக்கும் கீழே இழுக்கும் ஆயிரம் கைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு வடம். தேருக்கு நேர் எதிரே நின்றால் வடம் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். பக்கவாட்டில் நின்றால் படுக்கைக் கோடாகிவிடும். வீதி திரும்பும் முனையில், முதல் மாடி உயரத்தில், தேர் தொலைவிலும் வடத்தின் முனை அருகிலும் வரும்படி நில்லுங்கள். அப்போது வடம் படத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து சாய்ந்து ஏறித் தேரடியில் போய்ச் சேரும். தேர் மட்டும் செங்குத்தாக நிற்கும். தாழ்வாரத் தூண் செய்த வேலையை இங்கே தேர் செய்கிறது.

பிறகு வடத்தையே பாருங்கள். இழுக்காத நேரத்தில் அது தொய்ந்து தரையில் வளைந்து கிடக்கும், ஆட்கள் பேசிக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் இருப்பார்கள். குரல் கொடுத்ததும் முன்வரிசையில் உள்ளவர்கள் உடம்பைச் சாய்ப்பார்கள். வளைவு தரையை விட்டு எழும்பி, புழுதி உதிர, ஒரே நேர்க்கோடாக விறைக்கும். தேர் அசைவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் வடமும் இழுப்பவர்களின் முதுகுகளும் குதிகால்களும் ஒரே கோணத்தில் இருக்கும். அதை எடுங்கள். தேர் நகரத் தொடங்கியதும் எல்லோரும் நிமிர்ந்து நடக்க ஆரம்பிப்பார்கள், கோணம் கலைந்துவிடும். முட்டுக்கட்டை போடுபவர்களின் பக்கம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். அவர்கள் சக்கரத்துக்கு ஓரடி தூரத்தில் வேலை செய்கிறார்கள், நம்மால் அவர்கள் கவனம் சிதறக் கூடாது.

உப்பளத்துக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் கோடுகள், ஆனால் படம் குழம்பிப்போய் வருகிறது. என்ன செய்வது?

தூத்துக்குடிப் பக்கம் பாத்திகளும் வரப்புகளும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். முதலில் பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளத் தோன்றும். அள்ளினால் கட்டம் போட்ட துணி போல ஒரு படம் கிடைக்கும். ஒரு வரப்பைத் தேர்ந்தெடுங்கள், அது மட்டும் சாயட்டும். மற்ற வரப்புகள் அதற்கு இணையாக வரும்படியோ சட்டகத்துக்கு வெளியே போகும்படியோ நகருங்கள். ஒரே திசையில் சாயும் ஐந்து கோடுகள் குழப்பாது. ஐந்து திசைகளில் சாயும் ஐந்து கோடுகள்தான் குழப்புகின்றன.

அதைவிட நல்ல கோடு தொழிலாளியின் கையில் இருக்கிறது. நீண்ட மரக் கைப்பிடியின் நுனியில் பலகை பொருத்திய கருவியால் உப்பை வாருகிறார்கள். கைப்பிடி தோளிலிருந்து தண்ணீருக்குச் சாய்ந்து இறங்குகிறது. இழுக்கும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. பலகை வரும் வழியில் உப்பு நுரைபோல் திரண்டு ஒரு கோடாகிறது. காலையில் பாத்தித் தண்ணீர் அசையாமல் இருந்தால் கைப்பிடியின் பிம்பமும் சேர்ந்து ஒரு கூர்முனை உண்டாகும். வரப்புகளை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒருவரை மட்டும் எடுத்தாலே போதும். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அவருக்கு இருக்கிறது.

கல்யாண ஆல்பங்களில் எல்லாப் படமும் சாய்ந்தே வருகிறதே, நானும் அப்படி எடுக்க வேண்டுமா?

வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையே கவிழ்வது போல் காட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. கேமராவைச் சாய்ப்பது பற்றி மேலே சொன்னது இங்கே இருமடங்கு பொருந்தும். ஆளின் உடம்பிலேயே சாய்வுகள் இருக்கின்றன. தோள்கள் இரண்டும் கேமராவுக்கு நேராக இருந்தால் அடையாள அட்டைப் படம் போலாகும். உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பச் சொல்லி முகத்தை மட்டும் கேமராவைப் பார்க்கச் சொன்னால் தோள்களின் கோடு சாய்ந்துவிடும். தூணில் சாய்ந்து நிற்பது, முழங்கையை ஊன்றிக்கொள்வது, மாலையை எட்டிப் போடும் கை, குனிந்து ஆசி வாங்கும் முதுகு என்று கல்யாண வீடு முழுவதும் சாய்வுகள்தான்.

நேராக எடுத்த படத்தைப் பிறகு கணினியில் சாய்த்துக்கொண்டால் என்ன?

இழப்பு நினைப்பதைவிட அதிகம். 3:2 வடிவப் படத்தை அதே வடிவம் மாறாமல் 5 பாகை திருப்பி வெட்டினால் பரப்பில் ஏறத்தாழ 21 விழுக்காடு போய்விடும். 10 பாகை என்றால் 35 விழுக்காடு. போவது ஓரங்கள், அதாவது கோடு உள்ளே நுழையும் இடமே போய்விடுகிறது. கோணலை நிமிர்த்த ஓரிரு பாகை திருப்புவது சரி. சாய்வை உண்டாக்கத் திருப்புவதாக இருந்தால், அந்த இடத்துக்கே இன்னொரு முறை போய்வரச் சொல்வேன்.

தண்டவாளத்தில் நின்று எடுத்தால் அருமையான கோடு கிடைக்குமே?

கூடாது. அனுமதியின்றித் தண்டவாளத்தில் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். மின்சார ரயில் எவ்வளவு அருகில் வந்தபின் காதில் விழுகிறது என்பது படம் எடுப்பதில் மூழ்கியவருக்குத் தெரிவதே இல்லை. படிக்கட்டு, பாலத்துக் கைப்பிடி, கடற்கரை நடைபாதை என்று எத்தனையோ கோடுகள் இருக்கின்றன.

இரண்டு மூன்று சாய்வுக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் படம் கெட்டுவிடாதா?

உப்பளத்தில் சொன்னதற்கு விதிவிலக்கு கேட்கிறீர்கள். இருக்கிறது. 1907-இல் ஆல்ஃபிரெட் ஸ்டீகிலிட்ஸ் ஐரோப்பா செல்லும் கப்பலின் மேல்தளத்தில் நின்று, கீழே மலிவுக் கட்டணப் பயணிகள் நிற்கும் தளத்தை எடுத்தார். படத்தை நடுவே வெட்டிப் போகிறது வெள்ளை நிற இணைப்புப் பாலம். வலப்பக்கம் ஒரு படிக்கட்டு ஒரு திசையில் சாய்கிறது. இடப்பக்கம் புகைபோக்கி வேறு திசையில் சாய்கிறது. பாலத்தின் கைப்பிடிச் சங்கிலி தொய்ந்து கிடக்கிறது, கீழே ஒருவரின் முதுகில் வெள்ளைத் தோள்வார்கள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. பிற்காலத்தில் ஸ்டீகிலிட்ஸே இந்த வடிவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவைதாம் தன்னை நிறுத்தின என்று எழுதினார்.

அங்கே அத்தனை சாய்வுகள் இருந்தும் படம் சிதறாததற்குக் காரணம் பாலம். அதுவே பெரியது, வெளிச்சமானது; மற்றவை அதற்கு அடங்கியவை. மேல்தளத்து மக்களையும் கீழ்த்தளத்து மக்களையும் பிரிப்பதும் அதே பாலம்தான். கோடுகள் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் எது தலைமை என்பது தெரிய வேண்டும். வெட்டும் புள்ளியில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு முறை பாருங்கள். பார்வை அங்கே வந்து நிற்கும். அங்கே ஒரு குப்பைத்தொட்டி இருந்தால் குப்பைத்தொட்டிதான் உங்கள் படத்தின் நாயகன்.

சாய்வுக் கோடே வேண்டாம் என்று சொல்லும் இடம் உண்டா?

நிறைய உண்டு. ஒரே நிகழ்வை இரண்டு ஓவியர்கள் எப்படி வைத்தார்கள் என்று பாருங்கள். இயேசுவின் கடைசி இரவு விருந்தை மிலான் நகரில் லியனார்டோ 1490-களில் வரைந்தபோது மேசையைப் பார்ப்பவருக்கு நேராக, படுக்கைக் கோடாக வைத்தார். நடுவில் இயேசு அசையாமல் இருக்கிறார். அதிர்ச்சி முழுவதும் இரு பக்கமும் உள்ள சீடர்களின் கைகளில். வெனிஸில் டின்டொரெட்டோ 1592-94 ஆண்டுகளில் அதே விருந்தை வரைந்தபோது மேசையைச் சாய்த்து ஆழத்துக்குள் ஓடவிட்டார். முன்னால் பணியாட்கள் பாத்திரங்களுடன் பரபரக்கிறார்கள், மேலே புகையும் ஒளியும் சுழல்கின்றன, இயேசுவைத் தேடித்தான் காண வேண்டும். முன்னது நிலைத்து நிற்கிறது, பின்னது இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் பெரிய ஓவியங்கள்.

தியானத்தில் இருப்பவர், துக்க வீட்டு வாசல், வயதான இருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் திண்ணை போன்றவற்றை நான் நேர் எதிரே நின்று, கேமராவை மட்டமாக வைத்துத்தான் எடுப்பேன். அங்கே சாய்வைத் திணித்தால் அவர்களிடம் இல்லாத ஒரு பரபரப்பை நாம் சேர்க்கிறோம்.

கோடு அழகாக வந்திருக்கிறது, ஆனாலும் படம் வெறுமையாகத் தெரிகிறது. ஏன்?

கோடு எங்கும் போய்ச் சேராததால். படிக்கட்டு அழகாக இருக்கிறது, நிழல் அழகாக இருக்கிறது, படியின் முடிவில் ஒன்றும் இல்லை. ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1932-இல் பிரான்ஸின் இயேர் நகரில் எடுத்த படத்தில் மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி மேலிருந்து சுழன்று இறங்குகிறது. அது கொண்டுபோய் விடும் தெருவில் சைக்கிள்காரர் ஒருவர் பாய்ந்து கடக்கிறார். அந்தச் சைக்கிளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது படிக்கட்டின் படம்.

நல்ல கோடு கிடைத்த இடத்தில் உடனே எடுத்துவிட்டு நகராதீர்கள். கோடு முடியும் இடம் எது என்று பார்த்து, அந்த இடத்துக்குக் குவியத்தை (ஃபோகஸை) முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருங்கள். பள்ளி விடும் நேரம், பால்காரர் வரும் நேரம், பூக்காரம்மா கூடையை இறக்கும் நேரம் எல்லாம் அந்தத் தெருவில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் யாரும் வரவில்லையென்றால் மறுநாள் வேறு நேரத்தில் போங்கள். கோடு அங்கேயேதான் இருக்கும்.